குருவில்லாத் தீவுக்கு வந்த கூலியாள்: புனித யோசேவாஸ்



துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்று நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். மறையுரைகளில் கேட்டிருக்கிறோம், இறப்பு வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போகும்போது நாமே அதைச் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் நோய் நம் வீட்டுக்குள் நுழையும்போது, கடன் கழுத்தை நெரிக்கும்போது, பிள்ளை வழிதவறிப் போகும்போது, அந்த வார்த்தை நமக்கே தொலைவாகத் தோன்றுகிறது. துன்பத்தில் செபிக்கக் கற்றுக்கொண்டவர்களை நாம் அறிவோம். அதே துன்பத்தில் ஆலயப் படியேறுவதை நிறுத்திவிட்டவர்களையும் நாம் அறிவோம். நெருப்பு ஒன்றுதான், ஆனால் மெழுகு உருகுகிறது, களிமண் இறுகுகிறது.

அப்படியானால் துன்பம் எப்போது விசுவாசத்தை வளர்க்கிறது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதருடைய வாழ்வை இன்று நாம் பார்ப்போம். அவர் இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித யோசேவாஸ் அடிகளார். கோவாவில் பிறந்து, தமிழும் சிங்களமும் கற்று, கண்டி மண்ணில் உயிர்விட்ட குரு அவர். அவருடைய கதையைத் தொடங்கும் முன், அவர் தேடிச் சென்ற மக்களின் கதையைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது.

ஊன்றுகோல் பறிபோன திருச்சபை

போர்த்துக்கேயர் 1505-ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்தார்கள். அவர்களுடைய கப்பல்களோடு குருக்களும் வந்தார்கள். கடற்கரை ஊர்களில் ஆலயங்கள் எழும்பின. மன்னாரில் 1544-ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கணக்கானோர் தங்கள் விசுவாசத்துக்காகச் சங்கிலி மன்னனின் ஆணையால் உயிர் கொடுத்தார்கள். அவர்களுடைய விசுவாசம் இரத்தத்தால் எழுதப்பட்டது. ஆனால் பிற்காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆட்சியாளரின் சமயம் என்பதால் வந்தவர்களும் இருந்தார்கள். பதவிக்காகவும் பாதுகாப்புக்காகவும் வந்தவர்களும் இருந்தார்கள். திருச்சபை அரசின் கோட்டை நிழலில் வளர்ந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கோட்டை விழுந்தது. 1656-இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. டச்சுக்காரர் என்று நாம் அழைக்கும் இந்த ஒல்லாந்தர் கால்வினின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருவரை வீட்டில் மறைத்து வைப்பவருக்கு மரணதண்டனை என்று சட்டம் பிறந்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தச் சபைக் கூடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. திருமணமும் ஞானஸ்நானமும் அந்தச் சபையின் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டத்தின் முன் செல்லும். பதிவில்லாத பிள்ளைக்குத் தகப்பனுடைய நிலமும் உரிமையாகாது. அரசாங்க வேலையும் கிடையாது.

இந்தச் சட்டம் எவ்வளவு கூர்மையானது என்று பாருங்கள். வாளைக் காட்டி மிரட்டினால் ஒருவன் வீரனாகிவிடக் கூடும். ஆனால் பிள்ளையின் காணித்துண்டைக் காட்டி மிரட்டும்போது தாயும் தகப்பனும் என்ன செய்வார்கள்? பலர் விட்டுக்கொடுத்தார்கள். பகலில் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு இரவில் அழுதவர்கள் எத்தனையோ பேர். சிலர் அழவுமில்லை, சமயத்தையே மறந்துபோனார்கள். ஆட்சியோடு வந்த விசுவாசம் ஆட்சியோடு போனது.

ஆனால் எல்லாரும் அப்படிப் போய்விடவில்லை. சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். மூப்பர்களும் அண்ணாவிமாரும் தமக்குத் தெரிந்த மந்திரங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் தங்கள் அன்னையின் திருச்சுருபத்தை எடுத்துக்கொண்டு 1670-ஆம் ஆண்டளவில் காட்டுக்குள் போய்க் குடியேறியதாக மரபு சொல்கிறது. இன்று இலட்சக்கணக்கானோர் சென்று வணங்கும் மடு அன்னையின் திருத்தலம் அப்படித்தான் உருவானது.

திருப்பலி இல்லை. ஒப்புரவு இல்லை. சாகும் நேரத்தில் நோயில்பூசுதல் இல்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல. ஏறத்தாழ 30 ஆண்டுகள். ஞானஸ்நானம் பெற்று, பெரியவராகி, திருமணமும் செய்து, வாழ்நாளில் ஒருமுறைகூடக் குருவைக் கண்ணால் காணாத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்துவிட்டது.

காத்திருக்கக் கற்ற குரு

யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது கோவாவில் ஏழு வயதுச் சிறுவனாக இருந்தார் யோசேவாஸ். 1651 ஏப்ரல் 21-ஆம் நாள் பெனாவுலிம் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை கிறிஸ்தோவோ வாஸ், தாய் மரியா தெ மிராண்டா. கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பம். தந்தையின் ஊரான சான்கோலேயில் போர்த்துக்கேய மொழியும், பெனாவுலிமில் இலத்தீனும் கற்று, பழைய கோவா நகரில் மெய்யியலும் இறையியலும் பயின்றார். 1676-இல் குருவானார்.

குருவானதும் அவர் செய்த முதல் காரியம், காலணியைக் கழற்றியது. ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும் ஊரில் தாமும் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். மறுவருடம் தம்மை மரியன்னையின் அடிமையாக எழுதிக் கொடுத்து ஓர் ஒப்புக்கொடுத்தல் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பின்னாளில் ஓர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் அவர் நடக்கப் போகும் பாதைக்கு இவை தொடக்கம்.

இலங்கையின் கத்தோலிக்கர் மேய்ப்பனில்லா ஆடுகளாய்த் தவிக்கும் செய்தி கோவாவுக்கு எட்டியிருந்தது. தாம் அங்கே போக வேண்டும் என்ற ஆவல் அவருக்குள் எரிந்தது. ஆனால் கிடைத்தது வேறு பணி. 1681-இல் கன்னட நாட்டுக் கடற்கரைப் பகுதிக்கு, அங்குள்ள மறைப்பணியின் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் காத்திருந்தது ஒரு வேதனையான நிலை. போர்த்துக்கேய அரசரின் சலுகை உரிமையின் கீழ் நியமனம் பெற்ற குருக்கள் ஒருபுறம், உரோமையிலிருந்து நேரடியாக நியமிக்கப்பட்ட அதிகாரம் மறுபுறம் என்று திருச்சபைக்குள்ளேயே பிளவு. எந்தக் குருவிடம் பெறும் அருளடையாளம் செல்லும் என்று மக்கள் குழம்பினார்கள். எதிரிகள் தரும் துன்பத்தைத் தாங்கலாம். ஒரே பந்தியில் அமர்பவர்கள் தரும் துன்பம் கடினமானது. அவர் சண்டையை வளர்க்கவில்லை. முடிந்தவரை சமாதானம் தேடி, ஏழைகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் பணி செய்து, 1684-இல் கோவா திரும்பினார்.

இன்னொரு தடையும் இருந்தது. அந்நாளில் கோவாவில் மண்ணின் மைந்தர்களான குருக்களை ஐரோப்பியத் துறவற சபைகள் தங்களோடு சேர்த்துக்கொள்வதில்லை. அவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும், எவ்வளவு பக்தியோடு வாழ்ந்தாலும் இதே நிலைதான். யோசேவாஸும் அவரைப் போன்ற சில குருக்களும் அதற்காகக் கசந்துபோய் ஒதுங்கிவிடவில்லை. பழைய கோவாவின் குன்று ஒன்றிலிருந்த அற்புதத் திருச்சிலுவை ஆலயத்தில் ஒன்றுகூடி வாழத் தொடங்கினார்கள். 1685-இல் அவரையே தலைவராகத் தேர்ந்தார்கள். அந்தச் சிறு குழு புனித பிலிப் நேரியின் ஒழுங்கைத் தழுவிய ஒரட்டோரியச் சபையாக வளர்ந்தது. எந்தக் கதவு மூடப்பட்டதோ, அதற்கு வெளியேதான் இலங்கையைக் காப்பாற்றப் போகிற சபை பிறந்தது.

கழுத்தில் தொங்கிய செபமாலை

1686-இல் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு அவர் புறப்பட்டார். துணைக்கு ஜான் என்னும் இளைஞர் ஒருவர் மட்டும். மேற்குக் கரையோரமாகத் தெற்கே நடந்து, 1687-இல் தூத்துக்குடியை அடைந்தார். அங்கே குருவின் உடையைக் களைந்தார். இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு, வெறுங்கால்கள். ஏழைக் கூலியாளைப் போல, பிச்சைக்காரரைப் போலப் படகேறினார். முன்பு குருக்கள் பீரங்கிக் கப்பல்களின் காவலோடு வந்திறங்கிய தீவுக்கு, காவல் எதுவுமின்றி ஒரு குரு போகிறார்.

தரை இறங்கியதும் அவரை வரவேற்றது நோய்தான். கடற்பயணத்தின் கொடுமையால் கடுமையான சீதபேதி கண்டது. அறிமுகமில்லாத ஊர், குரு என்று சொன்னால் உயிர் போகும், சொல்லாவிட்டால் உதவி கிடைக்காது. உடன் வந்த ஜானும் நோயில் விழுந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால்தான் இருவரும் உயிர் பிழைத்தார்கள் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. தன் கஞ்சிச் சட்டியில் ஒரு நாட்டின் விசுவாசத்தையே அவள் தாங்கிச் சென்றாள் என்பது அவளுக்கும் தெரிந்திருக்காது.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் அடுத்த கேள்வி: கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் மறைந்து வாழ்கிறார்கள். கேட்டால் சொல்லமாட்டார்கள். அவர் ஒரு செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அரிசி வாங்குவது அவருக்கு முக்கியமாக இருக்கவில்லை. செபமாலையைக் கண்டதும் எந்தக் கண்களில் மின்னல் தெரிகிறது என்று பார்த்தார். சில வாசல்களில் ஏளனம். சில வாசல்களில் பயம். ஒரு வீட்டில் மட்டும் அந்த மணிகளை உற்றுப் பார்த்தார்கள். அவர்களோடு மெல்லப் பழகினார். உங்களுக்கு ஒரு குரு வேண்டுமா என்ற பேச்சு வந்தது. அந்தக் குரு தாமே என்று அவர் வெளிப்படுத்தியபோது அந்த வீட்டில் எழுந்த கண்ணீரை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

அன்றிலிருந்து இரவுகள் திருச்சபையின் பகல்களாயின. பகலில் பதுங்கியிருந்து, இருட்டியபின் வீடு மாறி வீடு போய் ஒப்புரவு கேட்டு, திருப்பலி நிறைவேற்றி, விடிவதற்குள் மறைந்துவிடுவார். 1689 வாக்கில் சில்லாலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். அங்கே கத்தோலிக்கர் அதிகம், துணிவும் அதிகம். ஆனால் செய்தி கசிந்தது. ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் திருப்பலிக்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றி வளைத்தார்கள். குரு தப்பினார்; மக்கள் பிடிபட்டார்கள். அவர்களுள் சிலர் சவுக்கால் அடிக்கப்பட்டுச் சிறையில் தள்ளப்பட்டார்கள். ஆயினும் தங்கள் குரு எங்கே என்பதை அவர்கள் சொல்லவில்லை.

இங்கே சற்று நின்று பார்ப்போம். 1658-இல் பறிபோனபோது பலரால் விட்டுக்கொடுக்கப்பட்ட அதே விசுவாசத்துக்காக, ஒரு தலைமுறை கழித்து மக்கள் சவுக்கடி வாங்குகிறார்கள். இந்த முறை அதனால் பதவி கிடையாது, நிலம் கிடையாது, பாதுகாப்பு கிடையாது. இழக்க மட்டுமே இருக்கிறது. ஊன்றுகோல் போன பிறகு அந்தத் திருச்சபை தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது.

சிறைக்குள் எழும்பிய ஆலயம்

வடக்கில் இருப்பது மக்களுக்கே ஆபத்தாக முடியும் என்ற நிலையில் 1690-இல் அவர் புத்தளம் பகுதிக்குச் சென்றார். அது கண்டி அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட இடம். ஒல்லாந்தச் சட்டம் அங்கே செல்லாது. அங்கிருந்து கண்டித் தலைநகருக்குப் போனால் நாடு முழுவதற்கும் பணி செய்யலாம் என்று எண்ணினார். 1692-இல் நம்பிக்கையோடு கண்டியை நோக்கி நடந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது சிறை. அரசவையில் செல்வாக்கோடிருந்த பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர், வந்திருப்பவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசரிடம் சொல்லிவிட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரையும், ஜானையும், உடன் வந்த கத்தோலிக்கர் ஒருவரையும் சிறையிலடைத்தார்.

ஐந்தாண்டு அலைந்து, உயிரைப் பணயம் வைத்து, கடைசியில் நண்பனின் நாடு என்று நம்பிப் போன இடத்தில் ஒற்றன் என்ற பழி. நாமாக இருந்தால் என்ன செபித்திருப்போம்? ஆண்டவரே, உமக்காகத்தானே வந்தேன் என்று கணக்குக் கேட்டிருப்போம். யோசேவாஸ் அந்தச் சிறையில் சிங்களம் கற்றுக்கொண்டார். காவலர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையைத் தளர்த்தினார்கள். தப்பியோட மாட்டார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வந்தது. இருந்த இடத்திலேயே சிறு குடிசை போட்டுச் சிலுவை நட்டார். பிறகு அது மரியன்னையின் பெயரால் ஓர் ஆலயமாயிற்று. கண்டியில் சிறைக்கைதிகளாகவும் அவர்களுடைய பிள்ளைகளாகவும் வாழ்ந்த பழைய கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அங்கே வரத் தொடங்கினார்கள்.

பின்பு நாட்டில் கடும் வறட்சி வந்தது. வேண்டுதல்கள் பல நடந்தும் மழையில்லை. மன்னர் அந்தக் குருவிடமும் மழைக்காகச் செபிக்கச் சொன்னார். சதுக்கத்தில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டு அவர் செபித்தபோது பெருமழை பெய்தது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் திருச்சபையின் மரபு காத்துவருகிறது. மன்னர் அவருக்கு நாடெங்கும் போதிக்கும் உரிமை அளித்தார்.

பெரியம்மை பரவிய நகரில்

1697-இல் கோவாவிலிருந்து ஒரட்டோரியக் குருக்கள் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார்கள். பத்தாண்டுகள் தனியொரு குருவாக இத்தீவின் கத்தோலிக்கரைச் சுமந்தவருக்கு அது எத்தகைய ஆறுதல்! கொச்சி ஆயர் அவரைத் தம் முதன்மைக் குருவாக நியமித்திருக்கும் செய்தியும் அவர்களோடு வந்தது. இனிப் பணிகளை ஒழுங்குபடுத்தலாம் என்று தொடங்கிய வேளையில் கண்டியில் பெரியம்மை வெடித்தது.

பெரியம்மைக்கு மருந்தில்லாத காலம் அது. நோய் கண்டவர்களை உறவினர்களே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது, இறந்தவரின் உடலருகே போக நாமும் எப்படி அஞ்சினோம் என்பது நமக்கு நினைவிருக்கிறது. மன்னரும் நகரை விட்டு வெளியேறினார். யோசேவாஸ் போகவில்லை. அருட்தந்தை யோசே கர்வால்யோவோடு சேர்ந்து நோயாளிகளைத் தேடிப் போனார். குடிசைகள் கட்டி அவர்களைக் கிடத்தினார். உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தவர்களைப் புதைத்தார். கத்தோலிக்கர் யார், புத்த சமயத்தார் யார் என்று அவர் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நாம் தேடிவந்த கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. கண்டிதான் அவரை ஒற்றன் என்று சிறையிலிட்ட நகரம். தமக்கு நேர்ந்ததை எண்ணிக்கொண்டிருந்தால் அந்த நகரின் வேதனை அவர் கண்ணில் பட்டிருக்காது. தம் காயத்தையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் துன்பம் சுவராகிறது. அடுத்தவனின் காயத்தைப் பார்ப்பவனுக்கு அதுவே கதவாகிறது. நோய் தணிந்தபின் மன்னரின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. எதிர்ப்புகள் அதன்பின்னும் வந்தன. கர்வால்யோ அடிகளார் ஒருமுறை நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆனால் நகரின் மக்கள் கண்டதை யாராலும் அழிக்க முடியவில்லை.

இறுதிப் பயணம்

1705-இல் மேலும் குருக்கள் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல எழுதி, மக்களின் மொழியில் விசுவாசத்தை நிலைநிறுத்தியவர் அவர். நாடு எட்டு மறைப்பணிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளுக்கு மாறுவேடத்தில் போய்வருவது தொடர்ந்தது. குருக்கள் வர இயலாத நாட்களில் ஊரைக் கூட்டிச் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும், சாகும் தறுவாயில் இருப்போரைத் தயாரிக்கவும் மூப்பர்களும் அண்ணாவிமாரும் பயிற்சி பெற்றார்கள்.

ஆயர் பொறுப்பை ஏற்கும் வாய்ப்பு தேடி வந்தபோதும் அவர் அதை விரும்பவில்லை; சாதாரண மறைப்பணியாளராகவே இருந்தார். வெறுங்காலோடு நடந்த பயணங்களில் உடல் தேய்ந்தது. 1710-இல் நோயோடு மீண்டும் ஒரு மறைப்பணிப் பயணம் போய்த் திரும்பியவர் படுத்த படுக்கையானார். வாழும்போது பழகாததைச் சாகும்போது செய்வது கடினம் என்று தம் சகோதரக் குருக்களுக்கு நினைவூட்டிவிட்டு, 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். வயது 59. இலங்கைக்கு வந்த பிறகு ஒருமுறைகூட அவர் தம் ஊருக்குத் திரும்பவில்லை. அவர் இறந்தபோது தீவில் சுமார் 70,000 கத்தோலிக்கர் இருந்ததாகக் கணிக்கப்படுகிறது.

கண்டியில் அவர் கட்டிய ஆலயம் பின்னாளில் அழிந்தது. அவருடைய கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. ஒல்லாந்தரின் ஆட்சி 1796 வரை நீடித்தது. கத்தோலிக்கர் மேலிருந்த தடைச் சட்டங்களை ஆங்கிலேயர் நீக்கியது 1806-இல்தான். அதுவரை அவர் விதைத்தது அழியவில்லை. 1995 ஜனவரி 21-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை அருளாளராக உயர்த்தினார். அதே திடலில் 2015 ஜனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று மாலையே மடு அன்னையின் திருத்தலத்துக்குச் சென்று, போரில் பிள்ளைகளை இழந்த தமிழ், சிங்களக் குடும்பங்களோடு செபித்தார். ஒரு காலத்தில் தப்பியோடிய குடும்பங்கள் திருச்சுருபத்தோடு ஒளிந்த காடு அது.

நமக்குச் சொல்லும் செய்தி

அன்புக்குரியவர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருவோம். துன்பம் தானாக யாருடைய விசுவாசத்தையும் வளர்த்துவிடாது. 1658-இல் ஒரே துன்பம்தான் எல்லாரையும் தாக்கியது. சிலர் மறைந்துபோனார்கள், சிலர் வேர்விட்டார்கள். வேறுபாடு எங்கே இருந்தது?

வீட்டில் செபம் இருந்த இடத்தில் விசுவாசம் தங்கியது. ஆலயம் பறிபோகலாம், குரு போகலாம். ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்த தாயை எந்தச் சட்டமும் பறிக்க முடியாது. செபமாலையைக் கண்டு அடையாளம் கொள்ள ஒரு வீடாவது இருந்ததால்தான் யோசேவாஸ் தம் மக்களைக் கண்டடைந்தார். இன்று நம் வீட்டு வாசலில் அவர் அப்படி வந்து நின்றால், நம் பிள்ளைகள் அந்த மணிகளை அடையாளம் காண்பார்களா?

அடுத்து, துன்பப்படுபவரைத் தேடி யாரோ ஒருவர் போக வேண்டியிருந்தது. தனியாக விடப்பட்ட கரி அணைந்துபோகிறது. பங்கில் சில மாதங்களாகத் திருப்பலியில் காணாத ஒரு முகம் உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா? அவருடைய விசுவாசக் குறைவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, அவர் வீட்டு வாசலுக்குப் போய்வருவோம். பெரிய வார்த்தைகள் வேண்டாம். அந்தப் பெண்மணி கொண்டுபோனது ஒரு சட்டிக் கஞ்சிதான்.

கடைசியாக, நம் பங்கிலும் குடும்பத்திலும் நாம் சாய்ந்திருக்கும் ஊன்றுகோல்கள் எவை என்று பார்ப்போம். நல்ல வேலை, நல்ல உடல்நலம், ஊரில் மதிப்பு, பெரிய ஆலயம், ஆடம்பரமான திருவிழா. இவை இறைவனின் கொடைகள். இவற்றை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றில் ஒன்று நாளை விழுந்தால், விழுவது ஊன்றுகோல் மட்டும்தானா, அல்லது அதோடு நம் விசுவாசமுமா? அந்த நாள் வந்துவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: முப்பது ஆண்டுகள் குருவில்லாமல் இருட்டில் செபித்த மக்களை இறைவன் மறக்கவில்லை. அவர்களுக்காக அவர் அனுப்பியது படையை அல்ல. வெறுங்காலோடு ஒரு மனிதரை. உங்களையும் அவர் மறக்கவில்லை. அவருடைய உதவி நாம் எதிர்பார்க்கும் கோலத்தில் வராமல் போகலாம். கூலியாளின் கோலத்தில் வந்து வாசலில் நிற்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 16-இல் நாம் புனித யோசேவாஸின் விழாவைக் கொண்டாடுகிறோம். அன்று நம் வீட்டில் குடும்பமாகச் செபமாலை சொல்லி, துன்பத்தில் தளர்ந்திருக்கும் ஒருவரை நேரில் சென்று சந்திப்போம்.

இறைவா, எங்கள் ஊன்றுகோல்கள் விழும் நாளில் நீரே எங்கள் வேராக இரும். எங்கள் துன்பத்தில் அடுத்தவரின் துன்பத்தைக் காணும் கண்களைத் தாரும். புனித யோசேவாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.